வெள்ளாமை ஆபத்துப் பயிற்சி: போய் வந்தவங்க அனுபவத்தை எழுதுங்க

வாடிப்பட்டி_நெல்:
உழவருக்குன்னு நடக்கிற பயிற்சியில இப்ப உரம், ரகம், மருந்து தாண்டி ஒண்ணு சேர்ந்திருக்கு. வெள்ளாமையில எங்கெங்க அடி விழும், விழுந்தா எப்படித் தாங்குறதுன்னு சொல்லிக் கொடுக்கிறது. எங்க ஊர் சமுதாயக் கூடத்துல நடந்த வகுப்புக்கு நானும் வீட்டுக்காரியும் போனோம். இது எல்லா ஊருக்கும் போய்ச் சேரணும்ங்கிற ஆசையிலதான் எழுதுறேன்.

வகுப்பு எடுத்தவர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து அஞ்சு கட்டம் போடச் சொன்னார். விளைச்சல், விலை, பணம், பத்திரம், ஆள். அமெரிக்காவுல பயிர் வைக்கிறவங்களுக்கும் மாட்டுப் பண்ணை வச்சிருக்கவங்களுக்கும் இப்படி அஞ்சாப் பிரிச்சுத்தான் பாடம் நடத்துறாங்களாம். விளைச்சல் கட்டம் எல்லாருக்கும் சீக்கிரமே நிறைஞ்சிருச்சு. வைகை அணையில தண்ணி குறைவு, புகையான் பூச்சி, கதிர் பழுக்கையில மழை, கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதத்துக்கு மேல காட்டுறது. ஆள் கட்டத்துல மட்டும் யாரும் ஒரு வரி எழுதலை.

"நாளைக்கு நீங்க ஆஸ்பத்திரியில படுத்துட்டா, சொசைட்டியில எவ்வளவு கடன் இருக்கு, என்ன தேதிக்குள்ள கட்டணும்னு வீட்டுல யாருக்குத் தெரியும்?"னு கேட்டார். முன்னால உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர், "எம்மகனுக்கே தெரியாதுய்யா"ன்னார். சொசைட்டிப் பயிர்க்கடனைத் தவணைக்குள்ள கட்டினா வட்டியே கிடையாது. தேதி தாண்டுனா வட்டி ஏறும், அடுத்த போகத்துக்குக் கடன் கேட்கப் போறதும் சிக்கல். கடைசியில கந்து வட்டிக்காரன் வாசல்லதான் போய் நிக்கணும். அவ்வளவு கனமான ஒரு தேதி வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, அந்தக் குடும்பம் ஆபத்துலதான் இருக்கு. வீட்டுக்காரி இப்ப ஒரு நோட்டுப் போட்டு சர்வே நம்பர், கடன் கணக்கு நம்பர், தவணைத் தேதி, அடகுச் சீட்டு விவரம் எல்லாம் எழுதி வச்சிருக்கா.

ஆம்பளைங்களை மட்டும் கூப்பிட்டு நடத்துற பயிற்சியில பாதிப் பிரயோசனம்கூடக் கிடையாதுங்கிறது என் அபிப்பிராயம். மத்தவங்களும் எழுதுங்க.

மேலூர்_ஒருபோகம்:
நல்ல இழைண்ணே. நீங்க பேரணை–கள்ளந்திரி இருபோகப் பாசனத்துக்காரர். நாங்க அதுக்குக் கீழ. எங்களுக்கு அணையில இருப்பு இருந்தாத்தான் ஒரு போகமே. நான் போன பயிற்சியில காப்பீட்டைப் பத்தித்தான் பேச்சு அதிகம்.

"பிரீமியம் கட்டுனேன், என் வயல் போச்சு, எனக்குக் காசு வரணும்." எங்க ஊர்ல பாதிப் பேர் மனசுல இருக்கிறது இதுதான். 2016ல வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் அப்படி ஓடலை. கிராமம் இல்லேன்னா பல ஊர் சேர்ந்த பிர்க்கா முழுசுக்கும் சராசரி விளைச்சல் எடுக்கிறாங்க. முந்தின 7 வருசத்துல நல்லா விளைஞ்ச 5 வருசத்தோட சராசரியில இத்தனை சதம்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. ஊர் சராசரி அதுக்குக் கீழ இறங்குனாத்தான் இழப்பீடு. என் ஒரு வயல் மட்டும் பூச்சியில போயி, சுத்தி இருக்கிறதெல்லாம் விளைஞ்சிருந்தா வராது. இதை முன்கூட்டியே விளங்கிக்கிட்டா, அதை மட்டும் நம்பிக் கடன் வாங்க மாட்டோம். கட்டாமலும் இருக்க மாட்டோம், ஏன்னா சம்பா நெல்லுக்கு நாம கட்டுறது காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதம்தான்.

அந்தச் சராசரியை எப்படி எடுக்கிறாங்கன்னு வயல்லயே காட்டினாங்க. வயலை யாரும் கை காட்ட முடியாது, குலுக்கல் மாதிரி எண் வச்சுத்தான் தேர்வு பண்றாங்க. 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, நாலு மூலையிலயும் குச்சி அடிச்சு, கயிறு இழுத்துக் கட்டுறாங்க. கயித்துக்கு உள்ள வேர் இருக்கிற தூர் மட்டும்தான் கணக்கு, வெளியே இருந்து சாஞ்சு கிடக்கிற கதிரைச் சேர்க்கக் கூடாது. அறுத்து, அடிச்சு, தூத்தி, அங்கனயே எடை. ஒரு ஊருக்கே பணம் வருமா வராதான்னு முடிவு பண்ற தராசு அது. அதனால எங்க ஊர்ல இப்ப அறுவடைப் பரிசோதனைன்னா, பக்கத்து வயல்காரங்க வேலையைப் போட்டுட்டு வந்து நிக்கிறாங்க.

இன்னொண்ணு. தண்ணி வராமலோ மழை பொய்ச்சோ ஊர்ல முக்கால்வாசிக்கு மேல நடவே நடக்கலேன்னா, காப்பீட்டுத் தொகையில 25 சதம் கொடுத்து அந்தப் பாலிசியை முடிச்சிருவாங்க. கடைசி நாள் வரைக்கும் காத்திருந்து நடலாம்னு இழுக்கிறவங்க இதையும் மனசுல வச்சுக்கிட்டு பதிவை முடிக்கணும். இ-சேவை மையத்துல ரசீது வாங்கினதும் ஊர், சர்வே நம்பர், பயிர், ஆதார்ல இருக்கிற பேர், பேங்க் கணக்கு எல்லாத்தையும் அங்க நின்னே படிச்சுப் பாருங்க.

கொட்டாம்பட்டி_கடலை:
வணக்கம்ணே. நான் வாரத்துக்கு, அதாவது விளைச்சல்ல பங்கு கொடுத்து, அடுத்தவங்க நிலம் பார்க்கிறவ. கடலை போடுறோம். பத்திரக் கட்டம்னு நீங்க எழுதினதைப் பார்த்ததும் எழுதணும்னு தோணுச்சு.

எங்களை மாதிரி ஆளுங்களுக்கு எல்லாம் வாய்ப்பேச்சுதான். பாடுபடுறது நாங்க, எந்த நிலத்துல யார் என்ன பயிர் வச்சிருக்காங்கன்னு எழுதுற அடங்கல்ல நிக்கிறது நிலத்துக்காரங்க பேரு. காப்பீட்டுல குத்தகைக்காரங்க, வாரக்காரங்களும் சேரலாம்னு திட்டத்துலயே இருக்கு. ஆனா கையில காகிதம் வேணும். குத்தகைதாரர் பேரைப் பதிவு பண்றதுக்குன்னே 1969லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்திருக்குன்னு பயிற்சியிலதான் கேள்விப்பட்டேன். பேர் பதிஞ்சா நிலமே போயிரும்னு நிலத்துக்காரங்க பயப்படுறாங்க, அந்தப் பயத்தையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். எங்க நிலத்துக்கார ஐயாவையே அடுத்த வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். மூணாம் மனுசர் வாயால கேட்டதும், இந்தப் போகத்துக்குச் சாகுபடி பண்றது நாங்கதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரு. அதை வச்சுத்தான் கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அடங்கல் கேட்டோம்.

கடலைக்காரங்களுக்கு ஒரு சேதி. பிடுங்கிக் காட்டுல காயப் போட்டிருக்கிறப்ப 14 நாளுக்குள்ள புயல் மழையோ பருவம் தப்பின மழையோ அடிச்சுக் கெட்டுப்போனா, அதுக்கு ஊர் சராசரி பார்க்கிறதில்லை. நம்ம காட்டையே வந்து பார்ப்பாங்க. ஆனா 72 மணி நேரத்துக்குள்ள சொல்லியாகணும். அதுக்குக் கூப்பிடுற 14447 நம்பரை எழுதி வச்சுக்கோங்க. உங்க பிர்க்காவுல அந்தப் பயிர் அறிவிப்புல இருக்கான்னும் முதல்லயே கேட்டுக்கோங்க.

பேரையூர்_கரிசல்:
மக்காச்சோளம். 2018ல படைப்புழு வந்ததுல இருந்து விளைச்சல் ஆபத்து எங்களுக்கு மனப்பாடம். விலைதான் படிக்க வேண்டிய பாடம். அறுத்த கையோட எல்லாரும் ஒரே வாரத்துல கொண்டு போனா வியாபாரி சொல்றதுதான் விலை. ஒழுங்குமுறை விற்பனைக் கூடக் கிட்டங்கியில இருப்பு வச்சு, மதிப்புல 75 சதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கிட்டு, 180 நாளுக்குள்ள விலை பார்த்து விக்கலாம். திருமங்கலம், உசிலம்பட்டிக்காரங்களுக்குக் கூடம் பக்கத்துலயே இருக்கு. நல்லாக் காய வச்சுக் கொண்டு போங்க. ஈரத்தோட அடுக்கினா பூஞ்சை பிடிச்சு, காத்திருந்ததே வீணாப் போயிரும்.

செல்லம்பட்டி_ஆடு:
வெள்ளாமை மட்டும்தானா, ஆடு மாட்டுக்கும் இடம் உண்டா? எங்க வகுப்புல கால்நடை மருத்துவர் மாட்டுக் காப்பீட்டைப் பத்திச் சொல்றப்ப, ஒரு மஞ்சள் காது வில்லையைக் கையில பிடிச்சுக் காட்டினார். "இது காதுல இல்லேன்னா, மாடு செத்தாலும் கம்பெனிக்காரனுக்கு அது உன் மாடு இல்லை"ன்னார். பக்கத்து வீட்டுக் கறவைக்கு வேலியில மாட்டி வில்லை அறுந்து போச்சு. உடனே சொல்லி மறு வில்லை போட்டிருந்தா கிடைச்சிருக்கும். மாடு செத்த பிறகு கேட்டதுக்கு ஒரு பைசா வரலை. அந்தக் குடும்பத்துக்கு அதுதான் ஒரே வருமானம், நினைச்சா இப்பவும் ஆத்தமாட்டாம இருக்கு.

ஆட்டுக்கு நான் சொல்றது: நீலநாக்கு நோய் ஐப்பசி, கார்த்திகை மழையில பரவும். மழைக்கு முந்தியே ஊசி போட்டுருங்க. ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தனியா ஊசி இருக்கு.

வாடிப்பட்டி_நெல்:
ஆடு மாட்டுக்கு இல்லாத இடமா, தாராளமா எழுதுங்க தம்பி. கொட்டாம்பட்டித் தங்கச்சி, நிலத்துக்காரரையே வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனீங்க பாருங்க, அதை எங்க ஊர்லயும் செய்யச் சொல்லப் போறேன்.

ஆள் கட்டத்துல ஒண்ணு விட்டுப் போச்சு. வருசம் 20 ரூபாய் பேங்க்ல பிடிக்கிற விபத்துக் காப்பீட்டுல 18 வயசுல இருந்து 70 வரை சேரலாம், இறந்தா 2 லட்சம். பாம்பு கடிக்கும் உண்டு, ஆனா உடனே ஆஸ்பத்திரியில சேர்த்ததுக்கான சீட்டு வேணும். ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறவங்க வீட்டுல இதைக் கட்டாயம் சொல்லி வையுங்க. மே கடைசியில கணக்குல அந்த 20 ரூபாய் இருக்கணும், இல்லேன்னா புதுப்பிக்காது.

மல்லிகைப் பூ போட்டிருக்கவங்க யாரும் இன்னும் எழுதலையே. மாட்டுத்தாவணியில காலையில ஒரு விலை, மதியம் ஒரு விலைன்னு ஓடுற பூவுக்கு நீங்க எப்படிக் கணக்குப் போடுறீங்க?