நாகா மாலையைப் பிரித்துக் கம்மல் செய்யலாமா?

பாசிமணி:
நாகாலாந்தின் திமாப்பூரில் ஒரு பழைய நாகா மாலை வாங்கினேன். நீள நீளமான சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள், நடுநடுவே ஐந்து துளை போட்ட எலும்புப் பட்டைகள், பின்கழுத்துக்கு ஒரு சங்குத் துண்டு. நூல் இத்துப்போய்விட்டது. பிரித்துக் கம்மலும் சின்ன மாலையுமாகக் கோக்கப்போகிறேன் என்றதும் ஒரு தோழி "இது கொள்ளை" என்றுவிட்டாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கல்வெட்டு:
கொள்ளைன்னு சொல்லமாட்டேன். ஆனா பிரிக்காதீங்க. எந்த மணி, எந்த வரிசை, எத்தனை சரம்ங்கிறதை வெச்சுத்தான் அது ஆவோ, அங்காமி, கொன்யாக்னு நாகா மக்கள்ல எந்தப் பிரிவோட மாலைன்னு சொல்ல முடியும். பிரிச்சா மணிதான் மிஞ்சும்.

வெள்ளிப்பட்டறை:
அந்தச் சூதுபவளமே குஜராத்தின் கம்பாத்துலேர்ந்து போனது. கண்ணாடிப் பாசியில வெனிஸ் சரக்கும் உண்டு. சங்கு கடலோரத்துலேர்ந்து கைமாறிக் கைமாறி மலையேறினது. யாரோ செஞ்சதை வாங்கித் தங்கள் அழகுக்குக் கோத்தவங்க நாகா மக்கள். பாசிமணி செய்யப்போறதும் அதேதானே?

கல்வெட்டு:
அதே இல்லைங்க. கொன்யாக் மக்கள்கிட்ட தலை வடிவப் பித்தளைப் பதக்கம் உண்டு, பகைவன் தலையை எடுத்த வீரன் போடுறது. அதுல ஒண்ணைக் கழட்டிக் கம்மலாக்குவீங்களா? மணி வெளியிலேர்ந்து வந்திருக்கலாம். யார் எதைப் போடலாம்ங்கிற முறை அவங்களோடது. 1872ல அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் ஆவோ ஊருக்குள்ள வந்தப்புறம் பழைய வழக்கங்களோட நகையும் மெல்லக் கழண்டுபோச்சு. கடைக்கு வர்ற ஒவ்வொரு மாலைக்கும் பின்னாடி அது இருக்கு.

வெள்ளிப்பட்டறை:
பதக்கத்தை நானும் தொடமாட்டேன். உதிரி மணிக்கு அந்த முறை பொருந்தாதுங்கறேன். என் பட்டறையில முழுசா இருக்கறதை அறுக்கறதில்லை, உதிரியா வர்றதைத்தான் கோப்பேன். ஓட்டையையும் பெருசாக்கமாட்டேன். பழைய சூதுபவளத்துல ரெண்டு பக்கத்துலேர்ந்தும் துளைச்சிருப்பாங்க. நடுவுல சந்திக்கிற இடம் லேசாக் கோணியிருக்கும். கம்பி நுழையலைன்னு டிரில் விட்டா, கையால துளைச்ச அந்தத் தடம் போயிடும்.

பாசிமணி:
டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மணியில் நடுவே சின்னப் படி மாதிரித் தெரிகிறது! என் மாலை முழுசுதான், நூல் மட்டும்தான் போயிருக்கிறது.

கல்வெட்டு:
அப்ப நூலை மட்டும் மாத்துங்க. முதல்ல படம் எடுத்துக்கிட்டு, துணியில அதே வரிசையில பரப்பி, ஒவ்வொரு சரமா மாத்துங்க. வெளிநாட்டுக்கு விக்கிற எண்ணம் இருந்தா, நூறு வருஷம் தாண்டின பொருளை அனுப்ப 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் விடாது.

வெள்ளிப்பட்டறை:
கம்மலுக்கு உதிரி மணி என்கிட்ட இருக்கு, தர்றேன். ஆனா கோத்ததைப் பெட்டியில பூட்டாதீங்க, போடுங்க. அதுல எனக்கும் கல்வெட்டுக்கும் ஒத்துவராது.

பாசிமணி:
சரி, மாலை அப்படியே இருக்கட்டும். மெழுகு தேய்த்த பருத்தி நூல் தாங்குமா?