கரண்ட் இல்லாத பின்னேரம் ஒரு துளி அயடீன்

முதல் பதிவு

கொழும்பில் இரசாயனவியலில் ஆராய்ச்சிப் பட்டம் செய்தவர்களும் இப்போது செய்துகொண்டிருப்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். மேற்பார்வையாளர்களைப் பற்றி நிறையக் கதைத்துவிட்டோம். இந்த முறை, உங்கள் ஆய்வைக் கரைசேர்த்தும் ஆய்வேட்டின் அட்டையில் பெயர் வராத ஒருவரைப் பற்றி எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

என் எம்.ஃபில். கறுவா பற்றியது. நம் கறுவாவும், பல நாடுகளில் கறுவா என்ற பெயரிலேயே விற்கப்படும் கசியாவும் நெருங்கிய உறவு, ஆனால் வேறு வேறு மரம். இரண்டு பட்டையிலும் வாசம் சினமல்டிகைட்டால் வருவது. கூமரின் என்ற சேர்மத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. கசியாவில் அது தாராளமாக இருக்கும், நம் பட்டையில் மிகச் சொற்பம். கூமரின் கூடினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும் என்பதால், உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று ஐரோப்பாவில் அளவு வகுத்திருக்கிறார்கள். 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். நான் செய்கிற வேலைக்கு நாட்டில் ஒரு தேவை இருக்கிறது என்று அன்று முதல்முறையாகத் தோன்றியது.

நம் பட்டையைப் புறக்கோட்டை காபோ லேனில் ஒரு மருந்துச் சரக்குக் கடையில் வாங்கினேன். கடைக்கார ஐயா ஒரு குச்சியை உடைத்துக் காட்டினார். உள்ளே தாள் தாளாக, சுருட்டுப் போல அடுக்கு. கசியா என்றால் தடித்த ஒற்றைச் சுருள், உடைப்பதே கஷ்டம். கசியாவை மேற்பார்வையாளர் வெளிநாட்டுப் பயணத்தில் வாங்கி வந்திருந்தார். இரண்டையும் அரைத்து இரண்டு போத்தலில் போட்டு, மார்க்கரால் பெயர் எழுதி வைத்தேன்.

அப்புறம்தான் கஷ்டம் தொடங்கியது. நம் கறுவா என்று எழுதிய போத்தலில் எடுத்த எண்ணெயை, அதில் என்னென்ன சேர்மங்கள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஏற்றினால், திணிவு நிறமாலையில் 146, 118 என்று இரண்டு கோடுகள் தெளிவாக நிற்கின்றன. கூமரினின் மூலக்கூற்றுத் திணிவு 146. அதிலிருந்து ஒரு காபனோரொட்சைட்டு கழன்றால் 118. அது கூமரினேதான். கண்ணாடிப் பாத்திரம் அழுக்கு என்று நினைத்துத் திரும்பக் கழுவினேன். கரைப்பானை மாற்றினேன். வெறும் கரைப்பானை மட்டும் ஏற்றிப் பார்த்தேன், அது சுத்தம். மூன்று கிழமை போனது.

அந்த நேரம்தான் மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. அந்தக் கருவி வெற்றிடத்தில் ஓடுவது. கரண்ட் போனால் வெற்றிடம் போய்விடும், திரும்பக் கட்டியெழுப்ப மணிக்கணக்கில் ஆகும், அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய மாதங்கள் அவை. மாதிரிகளை வெளியே காசு கொடுத்துச் செய்விக்கவும் வழியில்லை. வெள்ளவத்தை போர்டிங்கில் மெழுகுதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து, விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் இருந்தார். சிங்களவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். என்னை எப்போதும் ‘துவே’ என்றுதான் கூப்பிடுவார். மகள் என்று அர்த்தம். ஒரு பின்னேரம் கரண்ட் இல்லாமல் ஜன்னலோரம் சும்மா நின்றேன். ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, ‘கருவியை நம்புகிறாயா, லேபிளை நம்புகிறாயா?’ என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ‘சரி, இரண்டு போத்தலையும் கொண்டு வா. கறுவா அயடீனைப் பெரிதாகக் கவனிக்காது, கசியா நீலமாகும். மாப்பொருள் அதில் அதிகம்’ என்றார்.

சாதாரண தரத்தில் நாமெல்லாம் செய்த அயடீன் சோதனைதான். ஸ்பிரிட் விளக்கில் தூளைத் தண்ணீரோடு கொதிக்கவைத்தோம். கசியா என்று எழுதிய போத்தலின் நீரில் நிறம் பெரிதாக மாறவில்லை. நம் கறுவா என்று எழுதியது கடுநீலம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு மாதத்துக்கு முன் மேசையில் அசற்றோன் என்ற கரைப்பான் கொட்டி இரண்டு போத்தல் லேபிளும் அழிந்திருந்தன. திரும்ப எழுதியது நான், ஞாபகத்திலிருந்து. என் பிழை. கருவி முதல் நாளிலிருந்தே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துத் தந்தார். பென்சில் எழுத்தை அசற்றோன் அழிக்காது.

இரண்டாவது பதிவு

அக்கா, வாசித்ததும் எங்கள் ஆய்வுகூட உதவியாளர்தான் நினைவுக்கு வந்தார். நான் செய்தது தாவரப் பிரித்தெடுப்பு. ரோட்டரி எவப்பரேட்டரில் கரைப்பானை ஆவியாக்கி ஓட்டி, அந்த ஆவியைக் குளிர்வித்துத் திரும்பத் திரவமாகப் பிடிக்கவேண்டும். புத்தகத்தில் குளிர்விக்கக் குழாய்த் தண்ணீர் போதும் என்று இருக்கும். அது குளிர்நாட்டுக் குழாய்த் தண்ணீர். கொழும்பில் மத்தியானம் குழாயைத் திறந்தால் கையில் இளஞ்சூடாக வருகிறது. ஈதர் கொதிப்பது 34.6 பாகையில், டைகுளோரோமெதேன் 40இல். இரண்டும் ஒடுங்காமல் நேரே பம்புக்குப் போய், அங்கிருந்து எங்கள் மூக்குக்கு வரும். தலைவலியோடு போர்டிங்குக்குப் போன நாட்கள் எத்தனையோ.

அந்த அண்ணா ஒரு நாள் சாக்கில் ஐஸ் கொண்டு வந்தார், மீன்காரரிடம் வாங்கியது. வாளியில் போட்டு, மீன்தொட்டிக்கு வைக்கும் சின்ன மோட்டரை உள்ளே இறக்கி, அதன் குழாயை, ஆவியைக் குளிர்விக்கும் கொண்டன்சரில் மாட்டினார். ஐஸ்தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. கரைப்பான் எல்லாம் குடுவையில் திரும்பக் கிடைத்தது. வாங்கப் பணமில்லாத காலத்தில் எங்கள் குழு அந்தக் கரைப்பானைக் காய்ச்சி வடித்துத் திரும்பவும் பாவித்தது. குளிர்விக்கும் கருவி ஒன்றின் விலைப்பட்டியலை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பற்றிப் பேசி வேலையில்லை. அவர் என்னிடம் வாங்கியது ஐஸ் காசு மட்டும்தான்.

மூன்றாவது பதிவு

எனக்கு உதவியவர் ஒரு முதலாம் வருட மாணவி. நான் பட்டப்பின் படிப்போடு செய்முறை வகுப்பில் டெமோ வேலையும் பார்த்தேன். வவுனியாவிலிருந்து வந்த பிள்ளை, உயர்தரம் முழுக்கத் தமிழில் படித்தவள். அளவி, குழாயி, நியமிப்பு, வீழ்படிவு எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆங்கிலத்தில் செய்முறைத் தாளைக் கொடுத்ததும் கை நின்றுவிட்டது. நான் பக்கத்தில் போய் மெதுவாகத் தமிழில் சொன்னதும், நியமிப்பில் விடும் காட்டி (indicator) ஏன் முடிவுப்புள்ளியில் நிறம் மாறுகிறது என்பதை அவள் எனக்கே விளங்கப்படுத்தினாள். அவ்வளவு தெளிவாக எனக்கு அது அதுவரை விளங்கியிருக்கவில்லை. அன்றிரவு என் ஆய்வேட்டின் முதலாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினேன். மேற்பார்வையாளர் திருத்தம் போடாமல் திருப்பித் தந்த ஒரே அத்தியாயம் அது.

நான்காவது பதிவு

முதல் பதிவு எழுதிய அக்காவுக்கு இரண்டு கேள்வி. போத்தல் மாறியதை மேற்பார்வையாளரிடம் சொன்னீர்களா? அந்தச் சோதனையை வீட்டில் செய்யலாமா? அம்மாவுக்கு யாரோ கனடாவிலிருந்து கறுவாத் தூள் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள்.

முதல் பதிவு எழுதியவர்

சொன்னேன், தம்பி. அடுத்த நாள் காலையே. போகும்போது கால் நடுங்கியது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, திகதியோடு குறிப்பேட்டில் எழுது, பழைய பக்கங்களை வெட்டாதே என்றார். மூன்று கிழமை முடிவுகளும் வீண்போகவில்லை, கசியாவின் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அயடீன் சோதனை பின்னிணைப்பில் இருக்கிறது. நன்றியுரையில் உத்தியோகத்தரின் பெயரை மேற்பார்வையாளருக்கு அடுத்ததாகப் போட்டேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நன்றியுரையைத் தாண்டி நேரே பின்னிணைப்பைப் புரட்டிப் படித்தார்.

வீட்டில் தாராளமாகச் செய்யலாம். அரைத் தேக்கரண்டித் தூளைக் கால் கோப்பைத் தண்ணீரில் இரண்டு நிமிடம் கொதிக்க வையுங்கள். தூள் அடியில் படிந்ததும் மேல்நீரை வெள்ளைக் கோப்பையில் ஊற்றி, ஃபார்மசியில் வாங்கிய அயடீனில் ஒரு துளி விடுங்கள். உறுதியான கறுவாக் குச்சி ஒன்றையும் இடித்து, பக்கத்தில் இதேபோல் செய்து ஒப்பிடுங்கள். தூளில் யாராவது மா கலந்திருந்தாலும் நீலம் வரும் என்பதையும் மனதில் வையுங்கள். பார்த்த பிறகு இரண்டையும் ஊற்றிவிடுங்கள், குடிக்கக்கூடாது.

முக்கியமாக, அயடீன் விடுவதற்கு முன் நீரை நன்றாக ஆறவிடுங்கள். சூட்டில் நீலம் நிற்காது. அன்று நான் அவசரப்பட்டுச் சூட்டோடு விட்டேன், ஒன்றும் தெரியவில்லை. உத்தியோகத்தர்தான் சோதனைக் குழாயை என் கையிலிருந்து வாங்கி ஜன்னலோரம் வைத்து, ‘கொஞ்சம் பொறு துவே’ என்றார்.