செராம்பூர் சாசனம்: 1827இல் கிடைத்த உரிமையால் யாருக்கு என்ன பயன்?

ஹூக்ளிக்கரை:
போட்டித் தேர்வுக் கையேடு எதைத் திறந்தாலும் "முதல் பல்கலைக்கழகங்கள்: 1857, கல்கத்தா, பம்பாய், சென்னை" என்று ஒரே வரிதான். அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே, 1827 பிப்ரவரி 23 அன்று, டென்மார்க் அரசர் ஆறாம் ஃபிரெடெரிக் செராம்பூர் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாக எழுதிக் கொடுத்துவிட்டார். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் அந்த ஊர் அப்போது டேனிஷ்காரர் கையில் இருந்தது, நம் தரங்கம்பாடி மாதிரி. கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விடாததால்தான் இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி 1800இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அவரும் ஜோஷுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் 1818இல் கல்லூரியைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் 37 மாணவர்கள், அதில் 19 பேர் கிறிஸ்தவர்கள். கீழை இலக்கியம், ஐரோப்பிய அறிவியல் இரண்டையும் சொல்லிக் கொடுப்பதுதான் திட்டம். இதைப் பாடப்புத்தகத்தில் முதல் பல்கலைக்கழகமாக எழுதினால் என்ன தப்பு?

கணக்குப்பிள்ளை:
உரிமை 1827, சரி. முதல் பட்டம் எப்போது கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள் நண்பரே. 1915! இடையில் 88 வருஷம். 1857இல் கல்கத்தா பல்கலைக்கழகம் வந்ததும் அதோடு இணைந்துகொண்டார்கள். 1883இல் கலைப் பிரிவையே மூடிவிட்டு கிறிஸ்தவ சபை ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் இடமாக மாற்றினார்கள். கையில் சாசனம் இருந்தும் தன் பிள்ளைகளை இன்னொருவரிடம் பட்டம் வாங்க அனுப்பிய நிறுவனத்தை எந்தக் கணக்கில் முதலாவதாக வைப்பது?

ஹூக்ளிக்கரை:
அந்த 88 வருஷத்தில் என்ன நடந்தது என்று பார்க்காமல் கழித்துவிட முடியாது. சாசனம் கிடைத்தது பிப்ரவரியில், அதற்கு அடுத்த மாதமே, அதே 1827இல், கேரியை அனுப்பிய, இங்கிலாந்திலிருந்த பாப்டிஸ்ட் மிஷனரி சங்கத்தைவிட்டு செராம்பூர் பிரிந்துபோனது. சொத்தை யார் நிர்வகிப்பது என்று பல வருஷமாகப் புகைந்த தகராறு அது. அங்கிருந்து வரும் ஆதரவு போச்சு. அப்புறம் 1830 தொடங்கி கல்கத்தாவின் பெரிய வணிக ஏஜென்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திவாலாயின, அவற்றில் போட்டிருந்த பணமும் போனது. வார்டு 1823இலேயே காலராவில் இறந்துவிட்டார், கேரி 1834இல், மார்ஷ்மன் 1837இல்.

அந்தக் கட்டடத்தை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆற்றைப் பார்த்த முகப்பில் பெரிய பெரிய தூண்கள், உள்ளே இரண்டு பக்கமும் மேலேறும் வார்ப்பிரும்புப் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டும் வெளியே இருக்கும் இரும்புக் கதவும் டென்மார்க் அரசர் அனுப்பிய அன்பளிப்பு. கட்டடச் செலவில் பெரும்பகுதி கேரி கல்கத்தாவில் கம்பெனியின் ஃபோர்ட் வில்லியம் கல்லூரியில் வாங்கிய பேராசிரியர் சம்பளம், மார்ஷ்மன் தம்பதியர் நடத்திய பள்ளியின் வருமானம், வார்டின் அச்சகத்து வரவு. மூன்று குடும்பங்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி எழுப்பிய இடம் அது. அவர்கள் காலத்துக்குப் பிறகு ஆள் இல்லை, பணம் இல்லை, அதனால் பட்டம் கொடுக்க முடியவில்லை. இதைக் குற்றமாகச் சொல்வது எனக்கு மனசு ஒப்பவில்லை.

வட்டுக்கோட்டைப் பேரன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும், யாழ்ப்பாணத்துக் கதையையும் இதில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியது. அவர்களும் பட்டம் வழங்கும் சாசனம் கேட்டார்கள், பிரிட்டிஷ் அரசு கொடுக்கவில்லை. ஆனாலும் பாருங்கள், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டு பேர், சி.வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. இரண்டு பேருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். தமிழுக்குத் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்துக் கொடுத்த மனிதரை உருவாக்க ஒரு ராஜா முத்திரை தேவைப்படவில்லை. ஒரு கல்விக்கூடத்தின் வயதை அது யாரை உருவாக்கியது என்பதிலிருந்துதான் நான் எண்ணுவேன்.

கணக்குப்பிள்ளை:
இதைத்தான் நானும் சொல்கிறேன். ஐயாவுக்கு நன்றி.

ஹூக்ளிக்கரை:
வட்டுக்கோட்டைப் பேரன் ஐயா, நீங்கள் சொன்னதில் ஒரு வரி விட்டுப்போயிற்று. அந்தச் செமினரி 1855இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆங்கிலத்தில் உயர்கல்வி கொடுப்பது மிஷனின் வேலை இல்லை என்று அமெரிக்கத் தலைமை முடிவெடுத்ததும் கதை முடிந்தது. பிள்ளைகள் பட்டம் வாங்கியபோது அவர்கள் படித்த இடமே இல்லை. அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி வர 1872 ஆகிவிட்டது.

செராம்பூருக்கு அப்படி ஆகாமல் காப்பாற்றியது அந்தச் சாசனம்தான். 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனிக்கு விற்றது. அந்த ஒப்பந்தத்திலேயே கல்லூரியின் உரிமைகள் அப்படியே தொடரும் என்று தனியாக ஒரு பிரிவு எழுதி வாங்கினார்கள். ஊர் கைமாறியது, உரிமை கைமாறவில்லை. 1906இல் ஜார்ஜ் ஹவல்ஸ் முதல்வராக வந்தபோது கையில் பிடித்து எழுப்ப அந்த ஒரு காகிதம் மிச்சமிருந்தது. 1915இல் மூன்று பேருக்கு பி.டி. என்ற இறையியல் பட்டம், 1918இல் வங்காளச் சட்டமன்றத்தில் தனிச் சட்டம். பாப்டிஸ்ட்காரர்களோடு மற்றச் சபையினரும் சேர்ந்த செனட், அதாவது பட்டங்களைக் கவனிக்கும் குழு, அதிலிருந்து வந்தது.

அரசரடி:
நான் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவன். 1969இல் தொடங்கிய இடம், இறையியலைத் தமிழிலேயே படிக்கலாம், எழுதலாம். என் பட்டச் சான்றிதழில் செராம்பூர் செனட் என்றுதான் இருக்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அந்த செனட்டில் இணைந்திருக்கின்றன, இலங்கையில் பிலிமத்தலாவையில் இருக்கும் கல்லூரி உட்பட. லுத்தரன், சி.எஸ்.ஐ., மெதடிஸ்ட் என்று பல சபைப் பிள்ளைகள் ஒரே வினாத்தாளுக்குப் பதில் எழுதுகிறார்கள். அதனால் காகிதம், காகிதம் என்று தள்ளுவது எங்களை மாதிரிப் படித்தவர்களுக்கு வலிக்கிறது. ஆனால் ஹூக்ளிக்கரை அண்ணனிடமும் ஒரு கேள்வி. சாசனம் எல்லாத் துறைக்கும் உரிமை கொடுத்தது. இறையியலில் மட்டும்தான் பயன்படுத்தினோம். செராம்பூரில் பி.ஏ., பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைக்கு இன்றைக்கும் கல்கத்தா பல்கலைக்கழகம்தான் பட்டம் தருகிறது. கேரி கனவு கண்ட கீழை இலக்கியமும் அறிவியலும் எங்கே போயின?

ஹூக்ளிக்கரை:
அந்தக் குறை எனக்கும் உண்டு தம்பி. 1835க்குப் பிறகு அரசாங்கப் பணம் ஆங்கிலக் கல்விப் பக்கம் போனது, தாய்மொழியிலும் சமஸ்கிருதத்திலும் அறிவியல் சொல்லலாம் என்று நம்பிய செராம்பூருக்கு ஆதரவு தர யாரும் இல்லாமல் போனது. இருந்தாலும் கல்லூரியின் 1833 விதிகளை ஒரு தடவை படித்துப் பாருங்கள். சாதி, நிறம், நாடு எதுவும் ஒருவரைச் சேர்ப்பதற்குத் தடையாகாது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில், அந்த வங்காளத்தில்!

கணக்குப்பிள்ளை:
அதே விதிகளில் கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மறுப்பவர் கல்லூரிப் பொறுப்பில் இருக்க முடியாது என்றும் இருக்கிறது. சேர்வதற்குத் தடையில்லை, நடத்துவதற்குத் தடை உண்டு. மதம் நடத்தும் நிறுவனம், அவர்கள் உரிமை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் தொடக்கத்தில் நீங்கள் கேட்டது பாடப்புத்தகத்தைப் பற்றி. எழுதுவதானால் "1827 சாசனம், 1915 முதல் பட்டம், இறையியலில் மட்டும்" என்று மூன்றையும் சேர்த்து எழுதட்டும்.

ஹூக்ளிக்கரை:
1845 ஒப்பந்தத்தையும் சேர்த்தால் சம்மதம். அது இல்லாமல் 1915 எப்படி வந்தது என்று படிக்கிற பிள்ளைக்குப் புரியாது.

வட்டுக்கோட்டைப் பேரன்:
அப்படியே 1857க்குக் கீழே அந்த இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். சென்னைப் பல்கலைக்கழகம் என்று எழுதுகிற கையேடுகூட அதன் முதல் பட்டதாரிகள் யார் என்று சொல்வதில்லை.