புரூக்ளின் குழந்தைகள் அருங்காட்சியகம்: ஒரு வீட்டில் தொடங்கியது எவ்வாறு வளர்ந்தது?

நூலகத்தோழி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதிக்காக, குழந்தைகளுக்கென்றே தொடங்கப்பட்ட அருங்காட்சியகங்களைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1899 டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டதே இவ்வகையில் உலகின் முதல் அருங்காட்சியகம் என்று அறிகிறேன். அந்தப் பழைய கட்டடம் இன்று ஏன் இல்லை? இடையில் அருங்காட்சியகத்தை நிலத்துக்கு அடியில் கட்டினார்கள் என்பது உண்மையா? குழந்தைகள் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் அங்கே தொடக்கத்திலிருந்தே இருந்ததா என்பதைத்தான் முக்கியமாக அறிய விரும்புகிறேன்.

கல்மண்டபம்:
கட்டடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். புரூக்ளின் கலை, அறிவியல் கழகத்தில் நுண்கலைத் துறைக் காப்பாட்சியராக இருந்த வில்லியம் ஹென்றி குட்இயர், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் கண்டவற்றால் ஊக்கம் பெற்று முன்வைத்த யோசனையே இதன் தோற்றுவாய். அதற்கென்று புதுக் கட்டடம் எழுப்பவில்லை; இன்று புரோவர் பூங்கா எனப்படும் இடத்தில் இருந்த ஒரு பழைய மாளிகையில் தொடங்கினார்கள். இடம் போதாமல் 1929இல் பக்கத்து மாளிகையும் சேர்ந்துகொண்டது. 1967இல் இரண்டையும் இடித்துவிட்டு, புதிய கட்டடம் எழும் வரை பெட்போர்டு அவென்யூவில் ‘மியூஸ்’ என்ற பெயரில் தற்காலிகமாக இயங்கினார்கள்.

நிலத்தடிக் கட்டடம் உண்மையே. ஹார்டி ஹோல்ஸ்மன் ஃபைபர் நிறுவனத்தார் வடிவமைத்து 1977இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் இறக்கி, மேற்கூரையைப் பொதுமக்கள் நடமாடும் திறந்தவெளியாக விட்டிருந்தார்கள். பூங்காவின் நிலம் குறையவில்லை என்பதே அதன் சிறப்பு. குவீன்ஸ்பரோ பாலத்தில் டிராம் பயணிகளுக்காக ஒரு காலத்தில் பயன்பட்ட சிறு கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து நுழைவாயிலாக வைத்தார்கள். அதன் வழியே இறங்கினால், சாலைகளுக்கு அடியில் வடிகாலாகப் பதிக்கப்படும் நெளிதகட்டுக் குழாயைப் போன்ற பெருங்குழாய் சரிவாகக் கீழே செல்லும். அதன் நடுவே நீரோடை ஓடும். குழந்தைகள் அந்த நீரை மறித்தும் திறந்துவிட்டும் அதன் விசையைத் தாங்களே கண்டறியலாம். கட்டடத்தையே காட்சிப்பொருளாக்கிய அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ரஃபேல் வின்யோலி வடிவமைத்து 2008இல் திறக்கப்பட்ட மஞ்சள் ஓடு பதித்த விரிவாக்கம் பரப்பை ஏறத்தாழ இருமடங்காக்கியது; நிலத்தடி வெப்பத்தைப் பயன்படுத்தும் ஏற்பாடும் அதில் உண்டு.

வேலன்_உயிரியல்:
தொட்டுப் பார்க்கும் வழக்கம் என்றால் அன்னா பில்லிங்ஸ் கேலப் அம்மையாரைச் சொல்லாமல் இருக்க முடியாது. உயிரியல் ஆசிரியராக இருந்த அவர் 1902இல் உதவியாளராகச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளில் காப்பாட்சியராகி, 1937 வரை அந்த நிறுவனத்தை வழிநடத்தினார். தாவரங்கள், பூச்சிகள், பறவைகள், கனிமங்கள் என்று காட்சிகள் குழந்தையின் கண்மட்டத்துக்கும் புரிதலுக்கும் ஏற்ப அமைந்தன. பள்ளி முடிந்ததும் குழந்தைகள் தாங்களாகவே வந்து படிக்கவும், சேகரிக்கவும், சோதனை செய்யவும் அங்கே இடம் இருந்தது. வானொலி இன்னும் வீடுகளுக்கு வராத அந்தக் காலத்தில் சிறுவர்கள் கம்பியில்லாத் தந்தி நிலையம் ஒன்றை அங்கே இயக்கினார்கள். பொருள்களைப் பள்ளிகளுக்கு இரவல் கொடுத்ததும் முக்கியமான செய்தி. ஆகவே உங்கள் கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்பதே என் விடை.

தாழ்வாரம்:
வேலன் அவர்களின் கருத்தை ஓரளவே ஏற்கிறேன். கேலப் காலத்திலும் பெரும்பாலான பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள்தான் இருந்தன. ஆசிரியர் எடுத்துக் கொடுத்தால் குழந்தை தொடலாம். இன்று நாம் காணும் முறை, அதாவது குழந்தை யாரையும் கேட்காமல் கைவைத்து இயக்கிப் பார்ப்பது, பாஸ்டன் குழந்தைகள் அருங்காட்சியகத்தில்தான் உருப்பெற்றது. அறிவியல் ஆசிரியர்கள் 1913இல் நிறுவிய அந்த அமைப்புக்கு 1962இல் மைக்கேல் ஸ்பாக் இயக்குநராக வந்தார். அன்றாடப் பொருள்களைக் குறுக்கே வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டிய ஒரு காட்சியை அமைத்தார், பேழைகள் விலகின. 1979இல் துறைமுகக்கரைப் பழைய கிடங்குக்கு இடம்பெயர்ந்தபோது, கியோட்டோ நகரம் அளித்த பட்டு வணிகரின் வீடு ஒன்று முழுமையாக உள்ளே நிறுவப்பட்டது. குழந்தைகள் காலணியைக் கழற்றிவிட்டு அதற்குள் செல்கிறார்கள். உங்கள் கட்டுரையில் புரூக்ளினை மட்டும் சொல்லி நிறுத்தினால் வரலாறு பாதியில் நின்றுவிடும்.

வேலன்_உயிரியல்:
பேழைகளைப் பற்றித் தாழ்வாரம் சொல்வது சரி. ஆனால் குழந்தையைப் பார்வையாளராக அல்லாமல் அங்கே வேலை செய்பவராகக் கருதியது புரூக்ளின்தான். அந்த எண்ணம் பரவியதற்குச் சான்று இண்டியானாபொலிஸ். புரூக்ளின் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மேரி ஸ்டூவர்ட் கேரி, 1925இல் தம் நகரில் அதைப்போன்ற ஒன்றை நிறுவினார். முதல் சேகரிப்பில் நகரக் குழந்தைகள் கொண்டுவந்து கொடுத்த பொருள்களும் இருந்தன. இன்று உலகிலேயே மிகப் பெரிய குழந்தைகள் அருங்காட்சியகம் அதுதான்.

நூலகத்தோழி:
மிக்க நன்றி. கட்டுரையை மூன்று நகரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். இன்னும் ஒன்று: புரூக்ளினின் பழைய சேகரிப்பு என்னவாயிற்று?

கல்மண்டபம்:
கைவிடவில்லை. இயற்கைப் பொருள்களும் பல நாட்டுப் பண்பாட்டுப் பொருள்களுமாக ஏறத்தாழ 30,000 பொருள்கள் அவர்களிடம் உள்ளன. குழந்தைகள் அருங்காட்சியகங்கள் பலவற்றில் சேகரிப்பே இல்லை. விளையாட்டுச் சாதனங்கள் மட்டுமே இருக்கின்றன. அந்த வேறுபாட்டைக் கட்டுரையில் தனியாகக் குறிப்பிடுங்கள்.