புதுப்பிப்பு: டிகேஎம்எஸ் மட்டும் போதாது

லினக்ஸ் மூலத்தில் சேராத டிரைவரை டிகேஎம்எஸ்-இல் (DKMS, டிரைவரைக் கெர்னலுக்கு ஏற்பக் கம்பைல் செய்து தரும் கருவி) பதிந்துவிட்டால், லினக்ஸின் மையமான கெர்னல் மாறும்போதெல்லாம் தானாக மறுபடி கம்பைல் ஆகும் என்று இந்த இழையின் தொடக்கத்தில் எழுதியிருந்தேன். அது சரிதான், ஆனால் பாதி வேலைதான்.

டிகேஎம்எஸ் டிரைவரின் நிரல் வரிகளைத் திருத்தாது. பயனர் நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்க நம்பியிருக்கும் சிஸ்டம் கால்களை (system call) கெர்னலை உருவாக்குபவர்கள் உடையாமல் காப்பாற்றுவார்கள். கெர்னலுக்குள் இருக்கும் ஃபங்ஷன்களுக்கு அந்த உத்தரவாதமே கிடையாது. டிரைவர்கள் அழைக்கும் கிளாஸ் கிரியேட் (class_create) ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஓனர், பெயர் என்று இரண்டு ஆர்க்யுமென்ட். கெர்னல் 6.4-இல் ஓனர் போய்விட்டது. பழைய நிரலின் கம்பைல் அந்த வரியிலேயே, ஆர்க்யுமென்ட் அதிகம் என்று நின்றுவிடும்.

இதற்காகப் பதிப்பு எண்ணைச் சோதிக்கும் வரிகளை எல்லாக் கோப்பிலும் தூவாதீர்கள். ஒரே ஒரு ஹெடர் கோப்பு வையுங்கள். அதில் சொந்தப் பெயரில் சின்ன ரேப்பர் (அந்த ஃபங்ஷனை உங்களுக்காக அழைக்கும் இடைநிலை ஃபங்ஷன்), 6.4-க்கு முன், பின் என்ற கிளை அதற்குள் மட்டும். டிரைவர் ரேப்பரை மட்டுமே அழைக்கட்டும். அடுத்த மாற்றம் வந்தால் தொட வேண்டியது ஒரே இடம்தான்.

ஒரு எச்சரிக்கை: நீண்டகால ஆதரவு தரும் சில டிஸ்ட்ரோக்கள் புதிய மாற்றங்களைப் பழைய எண்ணுள்ள கெர்னலுக்கே கொண்டுவந்துவிடும். அங்கே எண்ணை நம்ப முடியாது. பில்டின் தொடக்கத்தில் இரண்டு வரிச் சோதனை நிரலைக் கம்பைல் செய்து பார்த்து, அதன் முடிவை வைத்துக் கிளையைத் தேர்ந்தெடுப்பதே உறுதியான வழி.

கம்பைல் ஆகியும் லோட் ஆகவில்லை என்றால் கெர்னலின் செய்திகளைக் காட்டும் dmesg கட்டளையை இயக்கிப் பாருங்கள். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் பெரும்பாலும் கையொப்பச் சிக்கல்தான். மோக்யூட்டில் (mokutil) என்ற கருவியில் உங்கள் கையொப்பச் சாவியைப் பதிந்து, ரீபூட்டில் வரும் திரையில் அதை உறுதிசெய்யாமல் விட்டால் சாவி ஏறாது.