வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே ஸ்டிக்கர், பெயர்ப்பலகைத் தொழில் தொடங்கலாமா?

கேள்வி (திண்டுக்கல்)

அனைவருக்கும் வணக்கம். ஒரு ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் நான்கு ஆண்டு நான்கு மாதங்களாக டிசைனராகவும், ஆள் வராத நாட்களில் மெஷின் ஆபரேட்டராகவும் பணிபுரிகிறேன். சம்பளம் 19,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 13,000. கோரல் டிரா என்னும் டிசைன் மென்பொருளில் தமிழ் வேலை என்றால் எங்கள் கடையில் என்னிடம்தான் கொடுப்பார்கள். வீடு சொந்த வீடு. கீழ்த்தளத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. கையில் சேமிப்பாக 2,40,000 ரூபாய் உள்ளது.

இப்போது ஒரு பழைய ஃப்ளெக்ஸ் மெஷின் நான்கு லட்சத்துக்கு விலைக்கு வந்திருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்கி அதை அந்த அறையில் போட்டு, அடுத்த மாதமே வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவி சம்மதிக்கிறார். அம்மாவுக்குத்தான் பயம், அவருடைய சர்க்கரை நோய்க்கு என் இஎஸ்ஐ அட்டையில்தான் மருந்து வாங்குகிறோம். மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இத்தொழிலில் இருப்பவர்கள் மனம்விட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மதுரை, பெயர்ப்பலகைத் தொழிலில் 31 ஆண்டுகள்)

தம்பி, வேலையை விடுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பேசுவோம். முதலில் அந்த மெஷினை வாங்காதீர்கள். நான் தூரிகையும் எனாமல் பெயின்டுமாகத் தொடங்கியவன். ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் தொழிலை விழுங்கியபோது, நானும் கடன் வாங்கி ஒரு மெஷின் போட்டேன். ஊரில் மெஷின்கள் பெருகப் பெருகச் சதுர அடி விலை இறங்கியதே தவிர, மையைத் தெளிக்கும் ஹெட்டின் விலையும் மையின் விலையும் இறங்கவில்லை. ஒரு ஹெட் அடைத்துக்கொண்டால் அந்த மாத லாபம் முழுவதும் அதற்கே போய்விடும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் லாரியில் சிக்கி உயிரிழந்த பிறகு, பேனர் கட்டுவதில் கெடுபிடி கூடியது. அந்தப் பெண்ணின் முகம் நாளிதழில் வந்த நாளில், இனிமேல் சாலையில் கட்டும் பேனர் வேலை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன், இன்றுவரை எடுக்கவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஃப்ளெக்ஸ் அச்சுக்கான சால்வென்ட் மையின் வாடை எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று வயதுக் குழந்தை உறங்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் அதை வைக்கக் கூடாது.

உங்களிடம் இருக்கும் உண்மையான மூலதனம் தமிழ் எழுத்துதான். 1948ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதலிடத்தில் இருக்க வேண்டும். ஆனால் நம் ஊர்க் கடைவீதியில் நடந்து பாருங்கள். ஒற்று விடுபட்டும், எழுத்துரு மாறியதால் கொம்பும் காலும் இடம் பெயர்ந்தும் எத்தனை பலகைகள் தொங்குகின்றன! பிழையில்லாமல், கண்ணுக்கு இதமாக எழுதிக் கொடுப்பவரைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டடி அகல வினைல் (ஸ்டிக்கர் தாள்) ரோல் ஓடும் கட்டிங் பிளாட்டர், அதாவது எழுத்தைக் கத்தியால் வெட்டும் மெஷின் ஒன்றும் கணினியும் இருந்தால் போதும். அச்சு வேலையை வெளியே ஜாப் வேலையாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2 (ஈரோடு, வீட்டிலிருந்து ஆறு ஆண்டுகளாக)

சகோதரருக்கு வணக்கம். மேலே ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் சமையலறைக்கு அடுத்த அறையில், ஒரு கட்டிங் மெஷினோடுதான் தொடங்கினேன். ரேடியம் ஸ்டிக்கர், கண்ணாடிக் கதவு எழுத்து, மருத்துவமனை அறைகளுக்குச் சன்போர்டு (எடை குறைந்த பிளாஸ்டிக் அட்டை) பலகை என்று இன்றும் அதே அறையில்தான் வேலை நடக்கிறது.

டிசைன் தெரிந்தவர்கள் இத்தொழிலில் தடுமாறும் இடம் கணினியில் இல்லை, கையில்தான். என் முதல் வேலை ஒரு மருந்தகத்தின் கண்ணாடிக் கதவு. திரையில் அழகாக இருந்த எழுத்தை வெட்டிப் பார்த்தால், துணைக்கால்கள் எழுத்தோடு சேரும் இடத்திலெல்லாம் கத்தி குறுக்கே ஓடியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த கோடுகளை ஒரே உருவாக இணைக்காமல் அனுப்பியதே காரணம். அதைச் சரிசெய்து மறுபடி வெட்டி, வேண்டாத பகுதியை உரித்தெடுத்தபோது, ‘மருந்தகம்’ என்ற சொல்லின் இரண்டு புள்ளிகளும் கழிவோடு சேர்ந்து வந்துவிட்டன. உரிக்கும்போது இடக்கை விரல் நுனியால் ஒவ்வொரு புள்ளியையும் அழுத்திக்கொண்டே வலக்கையால் தாழ்வாக இழுக்க வேண்டும். அந்தப் பக்குவம் எனக்குக் கைவர மூன்று மாதம் ஆயிற்று. சித்திரை வெயிலில் காய்ந்த கண்ணாடியில் ஒட்டினால் வினைல் இழுபட்டு எழுத்து கோணும் என்பதால், கோடையில் காலை ஒன்பது மணிக்குள் ஒட்டி முடித்துவிடுவேன். சோப்புத் தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஸ்குயிஜியால் (தேய்க்கும் பட்டையால்) நீரை ஒதுக்கினால் குமிழ் நிற்காது. இவற்றையெல்லாம் வேலையில் இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் பழகிவிடுங்கள்.

பணம் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் ரோலைப் பிரிக்காதீர்கள். வீட்டிலிருந்து செய்பவர் என்றால், “அப்புறம் தருகிறேன்” என்று சொல்வது பலருக்கு எளிதாகிவிடுகிறது. ஒருவரது கடை எழுத்தைக் கழற்றி இன்னொருவருக்கு விற்க முடியாது அல்லவா? முதல் ஆண்டில் எனக்கு வராமல் போன தொகை, நான் மெஷினுக்குக் கொடுத்த விலையில் பாதியைத் தொட்டது.

மறுமொழி 3 (திருச்சி, சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுபவர்)

அடுத்த மாதமே வேலையை விட்டால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்காது. ஐந்து ஆண்டு நிறைந்தால்தான் அது உறுதி. நீங்கள் சொன்ன 13,000 ரூபாயை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் ஓராண்டுக்கு 7,500. ஐந்தாண்டுக்கு 37,500 ரூபாய். எட்டு மாதப் பொறுமைக்கு இது நல்ல ஊதியம். இஎஸ்ஐ பயனும் நீங்கள் கட்டிய சந்தாக் காலத்தைப் பொறுத்து, விலகிய பின் சில மாதங்களே நீடிக்கும். ஆகவே அம்மாவின் மருந்துச் செலவை இப்போதே மாதக் கணக்கில் எழுதிப் பாருங்கள்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது; ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் நீங்களே செய்யலாம். பணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். மானியக் கடன் வாங்க எண்ணினால், மெஷின் வாங்குவதற்கு முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்குச் செல்லுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் புதிய தொழிலுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு முதன்முறையாக அதில் சேர வழியில்லை. மெஷினை வாங்கி ஓடவிட்ட பிறகு மானியம் தேடி வருபவர்களை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

ஜிஎஸ்டியில், பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை; டிசைன், ஒட்டுகூலி போன்ற சேவையும் கலந்துவிட்டால் 20 லட்சத்தை எல்லையாகக் கொள்வது பாதுகாப்பு. வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்துவதைப் பற்றி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மாற்றுப் பயன்பாடு என்று முடிவானால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இரு மடங்குக் கட்டணம் கேட்பார்கள்.

தேர்தல் நேரத்தில் வரும் வேலைகளில் எச்சரிக்கை தேவை. தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் கையொப்பமிட்ட உறுதிமொழியையும் நீங்கள் பெற்றிருக்க வேண்டும். மீறினால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

கேட்டவர்

மூவருக்கும் என் நன்றி. மெஷின்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து ஆண்டு நிறையும்வரை வேலையில் இருந்துகொண்டு, அதற்குள் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பித்துவிடுகிறேன். ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. எங்கள் கடைக்கு வருபவர்களில் சிலர், “நீ தனியாகப் போனால் உன்னிடமே வருகிறோம்” என்கிறார்கள். அவர்களின் டிசைன் கோப்புகளை நான்தான் உருவாக்கினேன். எடுத்துச் செல்லலாமா?

மறுமொழி 1 (மதுரை)

வேண்டாம் தம்பி. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த கோப்பு கடையினுடையது. முதலாளியிடம் நீங்களே நேரில் சென்று, “ஐயா, ஃப்ளெக்ஸ் வேலை வந்தால் உங்களிடமே அச்சுக்குக் கொண்டு வருகிறேன், வினைல் வேலை இருந்தால் எனக்குக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். நான் தொழில் கற்ற பெரியவரிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். என் முதல் ஆண்டு வேலையில் பாதி அவர் அனுப்பியது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருந்தால் மதுரைக்கு வாருங்கள். ஒரு பள்ளிக்கு எட்டடிக்கு மூன்றடி ஏசிபி (அலுமினியத் தகடு ஒட்டிய) பலகையில் அக்ரிலிக் எழுத்து பொருத்தும் வேலை இருக்கிறது. உடன் நின்று பார்க்கலாம்.