ஹீட்டர் அணையாமல் ஒட்டிக்கொண்டால்: சூடேறிய ரீஃப் தொட்டி அனுபவங்கள்

உப்புக்காற்று:
240 லிட்டர் ரீஃப் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), சம்ப்பில் (அதோடு இணைந்த துணைத் தொட்டி) 300 வாட் ஹீட்டர் ஒன்றே ஒன்று. வழக்கமாக 25.5 டிகிரி. காலையில் 33.2. குமிழை 18-க்குத் திருப்பியும் ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. உள்ளே தெர்மோஸ்டாட் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. மஞ்சள் டாங் மீன், சம்ப்பிலிருந்து நீர் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாய் வாயிலேயே மூக்கை வைத்து நின்றது, செவுள் படபடவென்று அடித்தது. அந்தக் காட்சிதான் கண்ணை விட்டுப் போகவில்லை.

செய்த வரிசை: முதலில் சுவரில் பிளக்கைப் பிடுங்கி, அதன் பிறகே தண்ணீரில் கை வைத்தது (கண்ணாடி ஹீட்டர் விரிசல் விட்டிருந்தால் ஷாக் அடிக்கும்). விளக்குகள் அணைப்பு. மூடி நீக்கம். சம்ப்பின் மேல் டேபிள் ஃபேன். உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டில்கள் ஆறு, இரண்டு இரண்டாக சம்ப்பில். மூன்று மணி நேரத்தில் 29.5. அங்கே பாட்டிலை நிறுத்திவிட்டு ஃபேன் மட்டும். மறுநாள் காலை 26.5.

மீன்கள் அத்தனையும் பிழைத்தன. இரண்டு அக்ரோபோரா பவளங்கள் அன்று மாலையே அடியிலிருந்து சதை உரிந்து போயின, மான்டிபோரா பவளம் வெளுத்துவிட்டது. இன்னும் வேகமாக இறக்கியிருந்தால் அக்ரோ தப்பியிருக்குமா?

அடிமணல்:
வேகத்தைப் பற்றிப் பிறகு பேசலாம் நண்பரே. டாங் ரிட்டர்ன் வாயில் நின்றது மூச்சுக்காக. உங்கள் பட்டியலில் காற்று எங்கே?

35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு அதிகபட்சம் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 33 டிகிரியில் அது 6-ஐ ஒட்டி இறங்கிவிடும். இந்தக் குறைவு பெரிதாகத் தெரியாது. ஆனால் அதே நேரத்தில் மீன், பவளம், பாக்டீரியா எல்லாவற்றின் தேவையும் ஏறும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பு என்பது பொதுக்கணக்கு. வரவு குறைந்து செலவு கூடுகிறது. இரவில் ஒளிச்சேர்க்கையும் கிடையாது. விடியற்காலையில்தான் மீன்கள் சாகும்.

அதனால் பிளக்கைப் பிடுங்கியவுடன் அடுத்த வேலை, ஒரு பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) மேல்நோக்கித் திருப்பி நீர்ப்பரப்பு கொதிப்பது போலக் குலுங்க வைப்பது. ஏர் ஸ்டோன் இருந்தால் போடுங்கள். ஸ்கிம்மரை (நுரையால் அழுக்கைப் பிரித்துக் கோப்பையில் சேர்க்கும் கருவி) நிறுத்தாதீர்கள். கோப்பை நிரம்பி வழியும் என்று பயந்து பலர் அணைக்கிறார்கள், ஆனால் தொட்டியில் அதிகக் காற்றை நீரில் கலக்கும் கருவியே அதுதான். கோப்பையின் வடிகாலில் குழாய் மாட்டி வாளியில் விட்டுவிடுங்கள்.

மூடியை எடுத்தால் வலை போடுங்கள். சூட்டில் தவிக்கும் மீன் குதிக்கும்.

கடல்பஞ்சு:
நான் பார்த்தது கன்ட்ரோலர் (தனி சென்சாரைப் பார்த்து ஹீட்டரை இயக்கி அணைக்கும் கருவி) மாட்டிய தொட்டி. ஹீட்டரில் பழுதே இல்லை. வெப்பநிலை ப்ரோபை (சென்சார்) ஒட்டிப் பிடித்திருந்த ரப்பர் உறிஞ்சி காய்ந்து, ப்ரோப் சம்ப்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் திரையில் 23.8 என்று அமைதியாக எழுதியிருந்தது. அது அறைக்காற்றின் சூடு. தண்ணீரோ 34. காற்று சூடாகும் வரை ஹீட்டரை அணைக்க மாட்டேன் என்று அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும்.

உறிஞ்சியை நம்பாதீர்கள். ப்ரோபை நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு குழாயில் இரண்டு இடத்தில் டை போட்டு இறுக்குங்கள். சம்ப்பில் ஹீட்டர் இருக்கும் தடுப்பறையிலேயே ப்ரோபும் இருக்கட்டும், ஆனால் ஹீட்டரை ஒட்டி வேண்டாம். ஆவியாகி நீர்மட்டம் இறங்கும் தடுப்பறையில் இரண்டையும் வைக்காதீர்கள். அங்கே ஹீட்டர் காற்றில் தெரிந்து வெடிக்கும்.

கன்ட்ரோலர் 25.5 என்றால் ஹீட்டரின் சொந்தக் குமிழ் 26.5-ல் நிற்க வேண்டும். பெரும்பாலோர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட்டுக் கன்ட்ரோலரை மட்டும் நம்புகிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டு பூட்டில் ஒன்றை நாமே கழற்றி எறிகிறோம். குமிழ் ஒரு டிகிரி மேலே நின்றால் கன்ட்ரோலரின் ரிலே ஒட்டிக்கொண்டாலும், ப்ரோப் வெளியே விழுந்தாலும், ஹீட்டரே தன்னை 27-க்குள் அணைத்துக்கொள்ளும். டைட்டேனியம் ஹீட்டர்கள் பலவற்றில் குமிழே கிடையாது. அதற்கு இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுவதுதான் வழி.

உப்புக்காற்று அவர்களே, 300 வாட் ஒன்று என்பதுதான் உங்கள் தொட்டியின் அடிப்படைத் தவறு. 240 லிட்டர் கடல்நீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 980 கிலோஜூல் வேண்டும். 300 வாட் ஒரு மணி நேரத்தில் 1080 கிலோஜூல் தரும். வெளியே போகும் சூட்டைக் கழிக்காவிட்டால் மணிக்கு 1.1 டிகிரி, ஒரே இரவில் கதை முடிந்துவிடும். 100 வாட் இரண்டு போடுங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டால் மற்றது அணைந்தே இருக்கும். தனி 100 வாட் ஏற்றுவது மணிக்கு 0.4 டிகிரிக்கும் கீழே. தொட்டி சூடாகச் சூடாக அறைக்கு இழக்கும் வெப்பமும் கூடுவதால் சில டிகிரியிலேயே சமநிலைக்கு வந்துவிடும். ஒன்று செத்துப்போனாலும் மற்றது குளிரிலிருந்து காக்கும்.

ஓங்கில்:
33 டிகிரிக்கு இவ்வளவு பதற்றம் தேவையில்லை என்பது என் கருத்து. பாரசீக வளைகுடாவில் கோடையில் 34, 35 டிகிரியிலும் பவளங்கள் உயிரோடு இருக்கின்றன. அவசரமாக ஐஸ் போட்டதுதான் அக்ரோவைக் கொன்றிருக்கும். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்கக் கூடாது.

அடிமணல்:
வளைகுடாப் பவளங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சூட்டில் வடிகட்டப்பட்டவை. அவற்றின் திசுவில் வாழும் பாசி வகையும் வேறு. நம் தொட்டி அக்ரோ ஆண்டு முழுக்க 25.5-லேயே இருந்தது. அது பழகிய உச்சத்திலிருந்து எவ்வளவு தாண்டியது, எவ்வளவு நேரம் தாண்டியது என்பதுதான் கணக்கு. அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் பவளப்பாறைக் கண்காணிப்பு அப்படித்தான் அளக்கிறது: அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்துக்கு மேலே போன டிகிரிகளை வாரங்களால் பெருக்குகிறார்கள். 4 டிகிரி-வாரம் வந்தால் வெளுப்பு, 8 வந்தால் கடும் வெளுப்பும் சாவும்.

ஆகவே 33-ல் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் செலவு. மணிக்கு ஒரு டிகிரி என்பது 29-க்குக் கீழே வந்தபின் கடைப்பிடிக்க வேண்டிய விதி. அதற்கு மேலே இருக்கும்போது இரண்டு, மூன்று மணி நேரத்தில் 29, 30-க்குக் கொண்டுவருவது சரிதான். உப்புக்காற்று செய்ததில் வேகத் தவறு இல்லை. அந்த அக்ரோ இரவிலேயே முடிந்துவிட்டது, மாலையில்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

ஓங்கில்:
டிகிரி-வாரக் கணக்கு கடலுக்கு. மூன்று மணி நேரத்தில் கிட்டத்தட்ட நான்கு டிகிரி இறக்கம் மீனுக்கு நல்லதில்லை என்பதில் நான் மாறவில்லை. ஆனால் காற்று விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

சிப்பிக்கூடு:
ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. கட்டியாகத் தொட்டியில் கொட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உப்பு இறங்கும், குழாய்நீர் ஐஸ் என்றால் குளோரினும் சேரும். மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பாட்டில் மட்டும், முக்கால் பாகம் நிரப்பியது, சம்ப்பில் மட்டும். ஒரு லிட்டர் ஐஸ் உருகி 28 டிகிரிக்கு வரும்வரை ஏறக்குறைய 490 கிலோஜூல் உறிஞ்சும். 240 லிட்டரில் அது அரை டிகிரி. இந்தக் கணக்கு தெரிந்தால் எத்தனை பாட்டில் என்று யோசிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. முதலில் இரண்டாவது தெர்மாமீட்டரில் பாருங்கள். சென்சார் கெட்டு 34 காட்டிய ஒரு தொட்டியை ஐஸ் போட்டு 21-க்கு இறக்கியதைப் பார்த்திருக்கிறேன். உண்மையான சூடு 25 தான் இருந்தது. யூஃபைலியா பவளம் முழுவதும் போயிற்று.

நுரைக்கோப்பை:
எல்லாரும் முதல் நாளைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பார்த்த சேதம் மூன்றாம் நாளில் வந்தது. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) நின்றுபோன தொட்டி. சூட்டை வெளியே விடும் கண்டென்சர் வலையில் தூசி அடைத்து, மூடிய அலமாரிக்குள் தன் சூட்டையே தான் குடித்து, பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்திருந்தது. 31 டிகிரியோடு தப்பித்தது. ஃபேன் போட்டு 26-க்கு வந்தாயிற்று, பவளங்கள் பாலிப்களை (மலர் போன்ற குட்டி உடல்கள்) விரித்தன. மூன்றாம் நாள் கண்ணாடி முழுக்கப் பனி பெய்தது போல வெள்ளைத் தூள், பிஎச் 8.7.

காரணம் ஆட்டோ டாப் ஆஃப் (ஆவியான நீரைத் தானே நிரப்பும் கருவி) வாளியில் இருந்த கால்க்வாசர் (சுண்ணாம்பு நீர்). ஃபேன் குளிர்விப்பதே ஆவியாக்கித்தான். 240 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 2.5 டிகிரிக்கான சூடு வெளியேறும், அதனால்தான் அது இவ்வளவு வலுவான வழி. ஆனால் நாளுக்கு 3 லிட்டர் ஆவியான தொட்டி ஃபேனுக்குப் பிறகு 8 லிட்டர் ஆவியாகும். டாப் ஆஃப் அந்த 8 லிட்டரையும் நிரப்பும். நிறைவுற்ற கால்க்வாசர் என்றால் கூடுதல் 5 லிட்டர் ஆல்கலினிட்டியை (பவளம் எலும்புக்கூடு கட்ட எடுக்கும் கார்பனேட் இருப்பு; அலகு டிகேஎச், சுருக்கமாக ஆல்க்) 2.4 டிகேஎச் ஏற்றும். அதைக் குடிக்க வேண்டிய பவளங்களோ அதிர்ச்சியில் வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். மிச்சம் கால்சியம் கார்பனேட்டாகி, பம்ப் அச்சிலும் ஹீட்டர் மேலும் படியும்.

ஃபேன் போடும் அன்றே வாளியைக் கழுவி வெறும் ஆர்ஓ நீர் வையுங்கள். வாளியின் அளவையும் பாருங்கள், காலியானால் டாப் ஆஃப் பம்ப் வறண்டு ஓடும், உப்பு ஏறும். உப்பை ரிஃப்ராக்டோமீட்டரில் தினம் இருமுறை அளந்து பாருங்கள், 35 பிபிடி. குறையும் நீரை உப்புநீரால் நிரப்பவே கூடாது.

ஈரம் நிறைந்த மூடிய அறையில் ஃபேன் கொஞ்சமே உதவும். ஜன்னலைத் திறக்க வேண்டும்.

டோசிங் பம்ப்பும் (ஆல்கலினிட்டிக் கரைசலைத் தினமும் தானாக ஊற்றும் கருவி) அதே ஆபத்துதான். அக்ரோ செத்தது அதற்குத் தெரியாது, நேற்றைய அளவையே இன்றும் ஊற்றும். உப்புக்காற்று, உங்களிடம் டோசிங் இருக்கிறதா? இருந்தால் இன்றே நிறுத்தி ஆல்க் அளந்துவிட்டு வாருங்கள்.

கடல்பஞ்சு:
சாவு பற்றியும் சேர்க்கிறேன். நத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முகர்ந்து பாருங்கள். செத்த டர்போ நத்தை ஒன்று போதும், அம்மோனியா ஏறிவிடும். சூடும் பிஎச்சும் கூடக் கூட அம்மோனியாவில் விஷமான பங்கு பெரிதாகும். அனிமோன் பிடியை விட்டு மிதந்தால் பவர்ஹெட்டுக்குள் போவதற்கு முன் எடுத்துவிடுங்கள். ஒரு கோப்பை அளவு, நீரின் நஞ்சை உறிஞ்சும் புதிய கார்பனை, அதாவது 250 மில்லி, ரிட்டர்ன் ஓட்டத்தில் வையுங்கள். 20 சதவீத நீர்மாற்று, புதுநீரும் தொட்டியின் சூட்டிலேயே இருக்க வேண்டும்.

சதை உரியும் கிளையை, உரியும் கோட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி நல்ல சதையில் வெட்டித் தனியே ஒட்டுங்கள். அடிப்பகுதியைக் காப்பாற்ற நினைத்தால் நுனியும் போகும்.

வெளுத்த மான்டிபோராவைத் தூக்கி எறியாதீர்கள். பாலிப் தெரிந்தால் உயிர் இருக்கிறது. சூட்டில் வெளிச்சம்தான் பாசியை நஞ்சாக்கியது, எனவே இரண்டு நாள் இருட்டு, பிறகு பழைய அளவில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று வாரத்தில் மெதுவாக முழு அளவு. பாசி இல்லாத பவளம் பட்டினியில் இருக்கிறது, வாரம் இரண்டு, மூன்று முறை நுண்ணுணவு கொடுங்கள்.

கடைசியாக, பிடுங்கிய ஹீட்டருக்கு மாற்று போட்டாயிற்றா? குளிர்வித்த வேகத்தில் மறந்துவிட்டு, இரண்டாம் இரவு 20 டிகிரிக்கு விழுந்த தொட்டியும் உண்டு. ஃபேனையும் கன்ட்ரோலரில் குளிர்விப்புக்கான பிளக் முனையில் மாட்டுங்கள், 26.5-ல் ஓடி 26-ல் நிற்கட்டும்.

உப்புக்காற்று:
100 வாட் இரண்டு போட்டாயிற்று, குமிழ்கள் 26.5-ல். கார்பனும் வைத்தாயிற்று. டாங் சாப்பிடுகிறது.

நுரைக்கோப்பை அண்ணா, டோசிங் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாளுக்கு 1.2 டிகேஎச் அளவு, மூன்று நாளாக. விபத்துக்கு முன் ஆல்க் 8.1, இப்போது 10.9. நிறுத்திவிட்டேன். இதை இறக்க எதையாவது ஊற்றலாமா?

நுரைக்கோப்பை:
ஒன்றும் ஊற்றாதீர்கள் தம்பி. அமிலம் வேண்டவே வேண்டாம், பிஎச் சரிந்துவிடும். 8 டிகேஎச் வரும் உப்பில் 20 சதவீத நீர்மாற்று செய்தால் அரை டிகேஎச்சுக்கு மேல் குறையும். மீதியை எஞ்சிய பவளமும் கோரலைன் பாசியும் மெதுவாகக் குடித்துவிடும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 8.5-க்கு வந்தபின் ஒரு நாளில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் பம்ப்பைத் திரும்ப ஓடவிடுங்கள்.